பிணவறைக் காட்சியில் நான் சொன்னது

கடந்த வருடம் சிட்னியில், பரமட்டாவில் உள்ள ஒரு மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் நடந்தது இது. பத்து வருடத்துக்கு முன் டிவியில் ஓடிய ஒரு துப்பறியும் தொடரின் நடிகர்களைக் கூப்பிட்டு, பழைய காட்சிகளைப் போட்டுக் காட்டிப் பேச வைத்தார்கள். தொடர் மறுபடி இணையத்தில் வரப்போகிறதாம், அதற்கான விளம்பரம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் நடித்தது ஒரேயொரு காட்சி. கொலையான பையனின் தாயாக, பிணவறையில் அவனைப் பார்த்து அழவேண்டும்.

படப்பிடிப்பு அன்று எனக்கு வசனமே தரவில்லை. உங்கள் மொழியில் எதையாவது சொல்லி அழுங்கள், மொழிபெயர்ப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார் இயக்குநர். வெள்ளைத் துணிக்குள் கிடந்த பையனைக் கண்டதும் எனக்கு நடிப்பு மறந்துபோனது. மன்னாரில் கடலுக்குப் போன என் தம்பி திரும்பி வரவேயில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவனிடம் சொல்லக் கிடைக்காததை அங்கே சொன்னேன். "எழும்பு ராசா, வீட்ட போவம். உனக்குக் குளிரும்." அதைத் திரும்பப் பார்க்கிற தைரியம் எனக்கு இருக்கவில்லை. டிவியில் வந்த அன்றும் பார்க்கவில்லை.

மண்டபத்தில்தான் முதன்முறை பார்த்தேன். பெரிய திரையில் என் முகம், என் குரல். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது: 'போதை மருந்து விற்காதே என்று சொன்னேனே. நீ செத்ததே நல்லது.'

எனக்குத் தலை கொதித்தது. அதில் என் கணவராக நடித்த தமிழ்நாட்டுக்காரர் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். "இதை முதலே பாத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா, அப்பவே பார்த்தேன். சொன்னா கஷ்டப்படுவீங்கன்னு விட்டுட்டேன். அவங்கள பகைச்சுக்கிட்டா அடுத்த சான்ஸ் வராதுல்ல?"

சான்ஸாம்! அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது இரண்டு திருடன் வேடம், ஒரு பிணம். அந்த வரியை எழுதினவனுக்குத் தமிழ் தெரியாது. இந்த மனிதருக்கு என்ன வந்தது? எங்கள் தேவாலயத்திலும் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை.

தொடரில் துப்பறிவாளராக நடித்தவர் மேடையில் பேசும்போது, மொழி புரியாவிட்டாலும் மனதைத் தொட்ட காட்சி என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் மேடையில் ஏறி மைக்கை வாங்கினேன். நான் சொன்னது இதுவல்ல, செத்துப்போன என் தம்பியிடம் பேசினேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி, அந்த இரண்டு வரியையும் மொழிபெயர்த்தும் சொன்னேன். நிகழ்ச்சியை நடத்திய பெண் சிரித்துக்கொண்டே, அடுத்த காட்சிக்குப் போவோமா என்றாள்.

"விடுங்கக்கா, எல்லாரும் பாக்குறாங்க," என்று கீழே இருந்து கை காட்டினார் என் 'கணவர்'.

"பாக்கட்டும். இதை எழுதி எடுக்குமட்டும் நான் இறங்கமாட்டன்," என்றேன். கடைசியில் தயாரிப்புக் குழுவில் ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்துத் தொடர் வந்தது. மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பொய் இல்லை. அந்த இடத்தில், 'தாய் தன் மொழியில் அழுகிறாள்' என்று போட்டிருந்தார்கள். முந்தியதைவிடப் பரவாயில்லையே என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு அது போதவில்லை. இரண்டே இரண்டு வரி, போட்டால் என்ன குறைந்துவிடும்?

இப்போது யார் என்னைக் கமெராவுக்கு முன்னால் பேசக் கூப்பிட்டாலும், கீழே என்ன எழுதப்போகிறீர்கள் என்று முதலில் காட்டச் சொல்கிறேன். ஆனால் என் தம்பிக்காக அழுத முகத்தின் கீழே பத்து வருடம் அந்த வரி ஓட விட்டேனே என்ற கோபம், அவர்கள் மேல் பாதியும் என் மேல் பாதியுமாக, இன்னும் ஆறவில்லை.