இடது கைக்கு ஒரு டயல்

செங்கல்பட்டில் கல்யாண வீடியோ எடுக்கிற எல்லோரும் தங்களைக் கலைஞர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். தமிழ்ச்செல்வி அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. கணவனின் அண்ணன் பார்த்திபனுடைய ஸ்டுடியோவில், பின்பக்க அறையில் உட்கார்ந்து, அந்தக் கலைஞர்கள் கொண்டுவந்து கொட்டுவதை வெட்டிச் சேர்ப்பது அவள் வேலை. வாய் நிறையச் சோற்றோடு கேமராவை முறைப்பவர்கள், மேடை ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட சம்பந்திகள், அரைமணி நேரம் புரோகிதரின் முதுகு, இவை எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்க்கத் தகுந்த ஒரு கல்யாணத்தை எடுத்துக் கொடுப்பாள். இந்த ஆவணி முகூர்த்தங்கள் முடிந்தபோது அவளுடைய வலது கட்டைவிரல் மடங்க மறுத்தது.

மணிக்கட்டை ஒட்டி, கட்டைவிரலுக்கு அடியில் வீக்கம். சீப்பைப் பிடித்தாலே வலித்தது. தோசைக்கல்லைத் தூக்கினால் உயிர் போயிற்று. டாக்டர் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, தசைநாரின் உறை வீங்கியிருக்கிறது, மவுஸ் சக்கரத்தை உருட்டுவதை விடு, எதையும் கிள்ளிப் பிடிக்காதே என்றார். பக்கத்து வீட்டார் சுளுக்கு எடுப்பவரிடம் போகச் சொன்னார்கள். வீங்கின இடத்தைப் போட்டு உருவினால் இன்னும் வீங்கும் என்று தெரிய ஒரு படிப்பும் வேண்டாம். அவள் போகவில்லை.

பார்த்திபன் வேறு மருந்து வைத்திருந்தார்.

“நீ முன்னாடி கவுண்டர்ல குந்திகினு வர்றவங்களுக்கு ஆல்பம் காட்டு. விஜயதசமி அன்னிக்கு நல்ல நேரம் பாத்து நிதினை உன் சீட்ல உக்கார வச்சிடறேன்.”

நிதின் அவருடைய மகன். மணப்பெண், மாப்பிள்ளை, புரோகிதர் மூவரையும் ஒரே தக்காளி நிறத்துக்குக் கொண்டுவருவதில் தேர்ந்தவன். தாலி கட்டும் இடத்தில் கெட்டிமேளத்தை எடுத்துவிட்டு ஏதோ பியானோவைப் போட்டவன். அவனிடம் ஒருமுறை போன நாற்காலி திரும்பி வராது என்று தமிழ்ச்செல்விக்குத் தெரியும். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, ஆவணிப் படங்கள்தான் பாக்கி, அவற்றை விஜயதசமிக்குள் தானே முடித்துவிட்டால் நாற்காலி தன்னுடையது என்று சொன்னாள். முடியாது என்ற நம்பிக்கையில் பார்த்திபன் சரி என்றார்.

அவளுக்கு வேண்டியது ஒரு டயல். இடது கையால் சுற்றினால் படம் முன்னும் பின்னும் நகர வேண்டும். வலது கை மவுஸின் மேல் சும்மா கிடந்து, ஆள்காட்டி விரலால் மட்டும் தட்டினால் போதும். இப்படி ஒன்று விற்கிறது என்று சொன்னதுதான் தாமதம், வீட்டு ஆண்களுக்கு வேலை கிடைத்துவிட்டது.

முதலில் பார்த்திபன் ஒன்று வாங்கினார். வெள்ளி நிறம், லட்டு அளவு, சுற்றிலும் நீல விளக்கு. வாடிக்கையாளர் உள்ளே வந்தால் பார்க்க அழகாக இருக்கும் என்றார். இருந்தது. ஆனால் தக்கை மாதிரி லேசு. சுற்றினால் கையோடு சேர்ந்து டயலே மேசை முழுக்க ஊர்வலம் போயிற்று. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டால்தான் சுற்ற முடியும். அதற்குப் பழைய மவுஸே தேவலை.

அடுத்தது நிதினுடைய தேர்வு. மூன்று குமிழ், ஒரு கூட்டம் பட்டன். தேர்ந்தெடுப்பதற்காக அவன் இரண்டு நாள் விடாமல் வீடியோ பார்த்தான். அவற்றில் வந்தவர்கள் மரமேசையில் டயலை வைத்து, நகத்தால் தட்டி, சத்தத்தைப் புகழ்ந்தார்கள். ஒருவர் கையும் ஒரு முகூர்த்த நாள் படத்தை முழுதாக வெட்டிய கையாகத் தெரியவில்லை. எந்தப் பட்டன் என்ன செய்யும் என்று நிதின் அமைத்துக் கொடுத்தான். மறுநாள் அவனுக்கே மறந்துவிட்டது. குமிழ்களோ மருந்து பாட்டில் மூடி அளவு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளித் திருக வேண்டும். வலது கையைக் கெடுத்த அதே பிடி. இடது கையையும் கெடுத்துக்கொள்ள அவள் தயாராக இல்லை.

இரண்டையும் பெட்டியில் போட்டுவிட்டு, தன் கையையே தூக்கிக்கொண்டு அவள் சதுரங்கப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஜெபா என்ற பெண் கடற்கரை விடுதிகளின் கல்யாணப் படங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். இப்போது மவுஸுக்குப் பதில் டிஜிட்டல் பேனா பிடித்து வேலை செய்யப் பழகிவிட்டதால், பழைய டயல் ஒன்றைச் சும்மா போட்டிருந்தாள்.

ஜெபா அதன் பெருமைகளைச் சொல்ல ஆரம்பித்ததும் தமிழ்ச்செல்வி கையைக் காட்டி நிறுத்தினாள். கம்ப்யூட்டரில் மாட்டச் சொல்லி, டயலைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே இடது கையை வைத்தாள். கறுப்பு, அசிங்கம், தோசைக்கல் போலக் கனம். தட்டையான தலையில் விரல்நுனி பதிய ஒரு குழி. யாரும் எதையும் கிள்ள வேண்டாம்; ஒரு விரலை வைத்துச் சுழற்றினால் போதும். ஒரு ஃபிரேம் நகர்ந்தால் விரலுக்கு ஒரு சின்னத் தடங்கல் தெரிந்தது.

“உப்புக் காத்துல பெயிண்ட் போயிட்ச்சுக்கா. பாக்க நல்லா இருக்காது.”

“நான் அத்த பாக்கவே போறதில்லமா. எட்டு நூறு தர்றேன், குடு.”

இடது கை முதலில் மந்தமாக இருந்தது. பிறகு பழகிற்று. ஆவணிப் படங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. ஆயுத பூஜைக்கு முதல் நாள் படாளத்துக் கல்யாணம் ஒன்றுதான் மிச்சம். அதிலும் பாதி முடிந்திருந்தது.

ஆயுத பூஜை அன்று பார்த்திபனுக்குப் பக்தி பெருகியது. கேமரா, விளக்கு, பிரின்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். புதிதாக வந்த கருவி என்று டயலுக்கு மட்டும் தனி மரியாதை: சந்தனத்தை நன்றாகக் குழைத்து மேலே அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். சுற்றும் தலைக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் சந்தனம் வழிந்து இறங்கியதைத் தமிழ்ச்செல்வி பார்த்தாள். துணியை எடுத்துக்கொண்டு போனவளை அவர் தடுத்தார். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. துடைப்பதும் தொடுவதுதானாம்.

விஜயதசமி காலையில் டயல் சுற்றவில்லை. சந்தனம் இறுகிச் சுண்ணாம்புக் காரையாகியிருந்தது. நிதின் புதுச்சட்டையில் வந்து நின்றான். பார்த்திபன் கையில் எலுமிச்சம்பழம்.

“இன்னாம்மா, மிஷினு மக்கர் பண்ணுதா? நான்தான் சொன்னேனே. எழுந்துக்கோ. நல்ல நேரம் போய்கினு கீது.”

மிஷினை மக்கராக்கியது யாருடைய கை என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவர் சாமியைச் சாட்சிக்குக் கூப்பிடுவார். தன் நாற்காலியில் உட்கார்ந்து, வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி, ஈரத்துணியால் சந்தனத்தை ஊறவைத்து, இடுக்கைச் சுற்றிச் சுரண்ட ஆரம்பித்தாள். ஊக்கைப் பிடித்தது இடது கை. பார்த்திபன் இருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். நிதின் போனைப் பார்த்தான். பார்த்திபன் எழுந்திரு என்று மறுபடி சொன்னபோது, சாமிக்கு வைத்த சந்தனத்தைக் காலில் மிதிபடாமல் எடுத்துவிட்டு எழுந்திருப்பதாகச் சொன்னாள்.

டயல் மெல்ல அசைந்தது. பிறகு சுற்றியது. கொஞ்சம் நறநறவென்றது, ஆனால் சுற்றியது. அவள் படாளத்துக் கல்யாணத்தைத் திறந்து விட்ட இடத்திலிருந்து வெட்டத் தொடங்கினாள்.

“நேரம் முடிஞ்சிட்ச்சுப்பா. எமகண்டம் ஸ்டார்ட்டாயிட்ச்சு,” என்றான் நிதின் போனிலிருந்து தலை நிமிராமல்.

பார்த்திபன் எலுமிச்சம்பழத்தை மேசைமேல் வைத்தார். எமகண்டத்தில் மகனை உட்காரவைக்க அவர் துணியமாட்டார் என்று தமிழ்ச்செல்விக்குத் தெரியும்.

“நல்ல நேரத்துல இந்த சீட்ல குந்தினு வேலைய ஆரம்பிச்சது நான்தான் மாமா,” என்றாள் திரையைப் பார்த்தபடியே. “சாமியே பாத்துச்சு. இவன கவுண்டர்ல உக்கார வையுங்க. பல்லு நல்லா கீது, வர்றவங்களுக்கு சிரிச்சிக் காட்டட்டும்.”

நிதின் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனான். பார்த்திபன், படாளத்துக்காரர்கள் சாயந்திரம் வருவார்கள் என்று ஞாபகப்படுத்துவது போல ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அவள் அதற்குள் பந்திக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளையின் பெரியப்பா வாய் நிறைய வடையோடு கேமராவை முறைத்தார். ஒரு விரல் சுழற்றலில் அவரைத் தாண்டிப் போனாள்.