கரம் போர்டில் நடந்த கொலை

பிள்ளைகளா, அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிற கதைப் புத்தகங்கள் ஏன் துண்டு துண்டாகக் கிடக்கின்றன, எலி கடித்ததா என்று கேட்டீர்கள். எலி பாவம். பிளேடால் அறுத்தது உங்கள் அம்மா. அறுக்கச் சொன்னது நான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கண்டி டவுனில் ஓர் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிற வேலை. படித்த கதையைப் பற்றிக் கடையில் பேச வாயைத் திறந்தால், "ரெண்டு இஞ்ச் ஆணியா, மூணு இஞ்ச் ஆணியா?" என்றுதான் பதில் வரும். ஒரு கதையைப் படித்துவிட்டு அதைப் பற்றி யாரிடமும் பேச முடியாமல் இருப்பது வயிற்று உப்புசம் மாதிரி. அதனால்தான் மாதம் ஒரு முறை, பௌர்ணமிக்கு விடுகிற போயா லீவு அன்று, டவுனில் இருந்த வாலிபர் சங்கத்து மாடி அறையில் கூடி ஒரே புத்தகத்தைப் பற்றிப் பேசுகிற வட்டம் ஒன்றைத் தொடங்கினேன்.

நாங்கள் ஐந்து பேர். நான், உங்கள் அம்மா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே கணக்குப் படிப்பித்த மாஸ்டர், நானா என்று நாங்கள் கூப்பிடுகிற புடவைக்கடை முஸ்லிம் அண்ணன், தெல்தோட்டையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர். புத்தகமோ ஒன்றே ஒன்று. அது கை மாறி நாலாவது ஆளிடம் போவதற்குள் அடுத்த போயா வந்துவிடும். படிக்காதவர்கள் வெட்கப்பட்டு வரமாட்டார்கள். சில மாதம் நானும் உங்கள் அம்மாவும் மட்டும் உட்கார்ந்து, வீட்டில் பேச வேண்டியதை அங்கே பேசிவிட்டு வந்தோம்.

அந்த அறைமேல் கரம் விளையாடுகிற பையன்களுக்கு ஒரு கண். போயா அன்று சாராயக்கடையும் பூட்டு, படக்கொட்டகையும் பூட்டு. அவர்களும் எங்கேதான் போவார்கள்? சங்கத்துச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாருங்க, அடுத்த போயாவுக்கு நானே வந்து பாப்பேன். படிச்ச ஆளுங்க அஞ்சு பேரு இருக்கணும். இல்லேன்னா ரூம் கரம் போர்டுக்கு."

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அந்த அறை போய்விட்டால் மீதிக் காலம் முழுக்க ஆணியைப் பற்றியே பேச வேண்டியதுதான்.

உங்கள் அம்மா தையல் மெஷினில் இருந்தபடியே கேட்டார்: "ஏங்க, துணிய வெட்டித்தானே சட்ட தைக்கிறோம்? பொஸ்தகத்தையும் அஞ்சா வெட்டிருவோம். ஆளுக்கு ஒரு பங்கு படிச்சிட்டு வந்து, வரிசையா கதைய சொன்னா எல்லாரும் முழுசா படிச்ச மாதிரிதானே?"

"சரி, அறுத்துரு" என்றேன். தையலோரம் பார்த்து அழகாக அறுத்தார். அது ஒரு மர்மக்கதை. பங்களா ஒன்றில் ஒரு பெரியவர் செத்துக் கிடப்பார். முதல் பங்கு அம்மாவுக்கு, அடுத்தது நானாவுக்கு, நடுப்பங்கு எனக்கு, நாலாவது மாஸ்டருக்கு, கடைசி கிளாக்கருக்கு.

போயா வந்தது. செயலாளரும் வந்தார். அவருக்குப் பின்னால், எதற்கும் இருக்கட்டும் என்று கரம் பையன்கள் போர்டைத் தூக்கிக்கொண்டே படியேறி வந்து, மேசை மேல் போட்டார்கள். கிளாக்கரைத்தான் காணோம். தெல்தோட்டை பஸ் முழுக்க வெள்ளை உடுத்து, புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகாவைக்குக் கும்பிட வருகிற சனம். இவருக்கு ஏற இடம் கிடைத்திருக்காது.

"நாலு பேருதானே இருக்கீங்க?" என்றார் செயலாளர்.

"வந்துருவாருங்க. அதுக்குள்ள கதைய ஆரம்பிக்கிறோம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அம்மா தன் பங்கைச் சொன்னார். அதில் டாக்டர் தங்கமானவர். நானா தன் பங்கைச் சொன்னார். அதில் சமையல்காரன் சந்தேகப் பேர்வழி.

"அவன் நல்லவன் நானா. எவ்வளவு ருசியா சமைக்கிறான்" என்றார் அம்மா.

"ருசியா சமச்சா கொல்ல ஏலாதா தங்கச்சி? சாமான் வாங்குற கணக்கே சரியில்ல. எனக்கு யாவாரம் தெரியும்."

நான் என் பங்கைச் சொன்னேன். அதில் எல்லோரும் ரயிலில் போய்க்கொண்டே இருப்பார்கள், வேறொன்றும் நடக்காது. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டொக்டர் தங்கம் எண்டு சொன்னது ஆர்? என்ர பங்கிலை அந்தாள் காலமையிலயே குடிச்சு வெறி."

"என் பங்குல அவரு தண்ணி கூட மெதுவாத்தான் குடிச்சாரு மாஸ்டர்" என்றார் அம்மா.

எந்த நேரத்தில் யார் எங்கே நின்றார்கள் என்பது குழம்பிவிட்டது. கரம் பையன்களில் ஒருவன் பொறுக்க முடியாமல் காய்களை எடுத்து அடுக்கினான். நடுவில் சிவப்புக் காய், செத்துப் போன பெரியவர். கறுப்புக் காய் டாக்டர். வெள்ளைக் காய் சமையல்காரன். நாலு மூலைக் குழியும் நாலு அறை. செயலாளர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஸ்ட்ரைக்கரைப் பொலிஸ் என்று வைத்தார். டாக்டரை ஒரு குழிப்பக்கம் தள்ளினார். அம்மா உடனே இழுத்துப் பழைய இடத்தில் வைத்தார்.

"அவர தொடாதீங்க. அப்ப அவரு மாடியில இருந்தாரு."

"மாடின்னு யாரும் சொல்லலையே" என்று செயலாளர் கோபித்துக்கொண்டார். "சரி, கொன்னது யாருங்க?"

அது கிளாக்கரின் பங்கில் இருந்தது. கொன்றவன் தெல்தோட்டை ரோட்டில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு ஒருவரும் எழுந்து போகவில்லை. பையன்கள் ஜன்னலில் தொங்கிப் பஸ் பார்த்தார்கள்.

கடைசியில் கிளாக்கர் வந்தார், பன்சலைக்கு, அதாவது புத்த கோயிலுக்கு, பூக்கொண்டு வந்த லொறியில். தலையெல்லாம் தாமரை இதழ். சட்டைக்குள்ளிருந்து பையில் சுற்றிய கடைசிப் பங்கை வெளியே எடுத்தார்.

"கொன்னது யாரு?" என்று அறையே கேட்டது.

"சொல்றேங்க" என்றார் கிளாக்கர், மூச்சு வாங்க. "அதுக்கு முந்தி, செத்தது யாருன்னு சொல்லுங்க. ஒரு மாசமா தூக்கமில்ல."

செயலாளர் சிவப்புக் காயைக் காட்டினார். கிளாக்கர் தலையாட்டிவிட்டு, "தோட்டக்காரன்" என்றார்.

தோட்டக்காரனுக்கு நாங்கள் காயே வைக்கவில்லை. நானாவின் பங்கில் அவன் இல்லை. என் ரயிலிலும் ஏறவில்லை. மாஸ்டர் தன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, இல்லை என்றார். உங்கள் அம்மா மட்டும் மெதுவாகச் சொன்னார்:

"மொதப் பக்கத்துலயே கொட்டுற மழையில செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நின்னான். பாவம், விசுவாசமான ஆளுன்னு நெனச்சு நாந்தான் சொல்லாம விட்டுட்டேன்."

செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு எங்களை ஒவ்வொருவராக எண்ணி, "அஞ்சு பேரு இருக்கீங்க" என்று சொல்லி, அறைச் சாவியைப் போர்டின் நடுவில், சிவப்புக் காய்க்குப் பக்கத்தில் வைத்தார். "அடுத்த போயாவுக்கு எனக்கும் ஒரு பங்கு வைங்க. கடைசிப் பங்கு."

"எங்களுக்கும் கடைசிப் பங்குதான்" என்றார்கள் பையன்கள்.

அப்படித்தான் அறை எங்களிடம் தங்கியது, கரம் போர்டோடு. அதன் பிறகு வந்த புத்தகங்களையெல்லாம் ஆளுக்குத் தக்கபடி ஏழாக, எட்டாக அறுத்தோம். அறுப்பது எப்போதும் உங்கள் அம்மாதான். கடைசிப் பங்கை மட்டும் ஒருநாளும் வேறு யாருக்கும் அவர் கொடுத்ததில்லை.