ஆறு மணிக்குத் தளபதிக்குத் தகனம்

என் மனைவி ஜெபமலர் ஒரு படைத்தளபதி என்ற விஷயம் கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் ஆண் தளபதி. நரைத்த மீசை, ஒற்றைக் கண், பெயர் மழைச்சாமி. இரண்டாயிரத்து ஏழில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்ததும் புடவைகூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள், "ஏங்க, இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு என்னைய எரிக்கப் போறாங்க" என்றாள். எங்கள் சபையில் எரிக்கும் வழக்கமே கிடையாது. எனக்குப் பகீரென்றது.

கம்ப்யூட்டர் நான் வாங்கியது. சாலைக் கடைத்தெருவில் எனக்கு ஒரு எலக்ட்ரிகல் கடை. அங்கே தூசி என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டேன். இன்டர்நெட் கனெக்ஷன் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஜெபமலர் அதில் சமையல் குறிப்பு பார்க்கிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன், கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. இந்த மாதிரி விஷயங்களில் புருஷன்மார் மகா புத்திசாலிகள்.

அன்றுதான் முழுக் கதையையும் சொன்னாள். போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். வித்துராவில் டைப்பிங் படித்து, தம்பானூரில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேதான் தொண்ணூற்றொன்பதில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், இன்டர்நெட்டில் ஒரு குழுவைக் கண்டுபிடித்திருக்கிறாள். உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் தமிழர்கள், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு பாத்திரமாகி, சேர்ந்து ஒரு ராஜ்யத்தையே எழுதி நடத்தினார்கள். ஒருவர் "கோட்டைக் கதவைத் தட்டுகிறேன்" என்று எழுதினால், காவல்காரராக இருப்பவர் பதில் எழுதியாக வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்தவர் பாத்திரத்தை யாரும் தொடக்கூடாது என்பது சட்டம்.

மழைச்சாமியின் கீழ் பன்னிரண்டு படைவீரர்கள். மூன்று வருஷம் ஜோராக நடந்தது. பிறகு என்னோடு கல்யாணம், வேலைக்கு முழுக்கு, ஷிபு பிறந்தான். எழுத ஆள் இல்லாத பாத்திரம் சத்திரத்தில் தூங்கும். ஐந்து வருஷம் எழுந்திருக்காவிட்டால் தகனம். அந்தக் கெடு அன்று சாயங்காலம் முடிகிறது.

"நான் வந்துட்டேன்னு எழுத வேண்டியதுதானே?" என்றேன்.

எழுதியிருக்கிறாள். ஆனால் பழைய மெயில் ஐ.டி. செத்துப்போயிருந்தது, புது ஐ.டி.யை யாரும் நம்பவில்லை. குழுவை நடத்துகிறவருக்கு அங்கே ராஜகுரு என்று பெயர். அவர் எழுதிய பதிலைக் காட்டினாள்: "ஏற்கெனவே இருவர் மழைச்சாமி என்று வந்து ஏமாற்றிவிட்டார்கள். ஆறு மணிக்குள் கதைக்குள் வந்து நிரூபியுங்கள். வெளிச் சாட்சி செல்லாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேற பேருல புதுசா ஒரு ஆளா சேர்ந்தா போராதா?"

"ஷிபுவ யாராவது தூக்கிட்டுப் போனா, வேற ஒண்ணு பெத்துக்கலாம்னு சொல்வீங்களா?" என்று சீறினாள். "இங்க நான் ஷிபுவுக்கு அம்மா, சத்தியதாஸ் வீட்டுக்காரி. அங்க நான் சொன்னா பன்னெண்டு பேரு நடப்பாங்க, கேட்டோ?"

சுருக்கென்றது. பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்கு முதல் முயற்சி. "விழித்தது வேங்கை! நடுங்கட்டும் நாற்றிசை!" என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதினாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஐந்தே நிமிஷத்தில் பதில் வந்தது: "மூன்றாவது போலி." நாலு மணிக்கு இன்னும் காரசாரமாக எழுதினாள். அதற்குப் பதிலே இல்லை. தளபதி என்றால் இப்படித்தான் பேச வேண்டும் என்று இந்த ஐந்து வருஷத்தில் அவளாகவே நினைத்துக்கொண்டுவிட்டாள் போலிருக்கிறது. ஐந்து மணிக்கு அங்கே விறகு அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ ஒரு புலவர் ஒப்பாரிகூட எழுதிவிட்டார், அதுவும் சுமார்தான். ஜெபமலர் அழுதுகொண்டே அதைப் படித்தாள். எனக்கு அந்த ராஜகுருவின் கழுத்தைத் திருகலாம்போல ஆத்திரம்.

ஐந்தரைக்கு அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. யோசிக்கவே இல்லை, தடதடவென்று தட்டினாள்.

"எவன்டா என் தலமாட்டுல வெறகு அடுக்குறது? அத்தனையும் ஈரம், பொகதான் வரும். எல்லாரும் பெரட்டுக்கு வாங்க. பேர் வாசிக்கிறேன். ஈட்டி வீரணன்! தெக்கு மதிலு, மொத நெர. சாப்பிட்டியா? வில்லாளி பூதத்தான்! ரெண்டாம் நெர. இருமல் தேவலையா? சாப்பிட்டியா?"

பெரட்டு என்றால் எஸ்டேட்டில் காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் வாசிப்பது. ஜெபமலரின் அப்பா அங்கே கங்காணி. பேர் வாசித்து, யார் எந்த நிரையில் கொழுந்து கிள்ள வேண்டும் என்று அவர்தான் சொல்வார். வெறும் வயிற்றோடு யாரையும் மலை ஏற விடமாட்டார். பிந்தி வருகிறவர்களுக்கு உச்சியில் இருக்கும் மேட்டு நிரை. அந்த மூன்று வருஷமும் மழைச்சாமி தன் படையை அப்படித்தான் நடத்தியிருக்கிறார். அவளுக்குத் தெரிந்த ஒரே சேனை அதுதானே!

பன்னிரண்டு பேரையும் வாசித்து முடித்தாள். திரை அப்படியே கிடந்தது. ஐந்தே முக்காலுக்கு ஒரு வரி வந்தது.

"ஈட்டி வீரணன். இருக்கேன் தளபதி. சாப்பிட்டேன்."

அடுத்து, "பூதத்தான். இருமல் விட்டாச்சு." பிறகு மளமளவென்று வந்தார்கள். பன்னிரண்டில் ஒன்பது பேர். வராத மூவருக்கும் லீவு என்று எழுதினாள். எல்லாருக்கும் கடைசியாக, ஆறுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது ராஜகுரு வந்து, "நானும் ஆஜர்" என்றார்.

"பிந்திட்டீரு சாமி. உமக்கு மேட்டு நெர."

"ஏறுகிறேன் மழைச்சாமி. இங்கே எல்லாரும் வசனம்தான் பேசுகிறார்கள். சாப்பிட்டாயா என்று என்னிடம் ஒருத்தர் கேட்டு ஐந்து வருஷமாகிறது."

ஜெபமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. சர்ச்சிலிருந்து வந்ததிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து போய்ச் சோறும் மீன்குழம்பும் போட்டுக்கொண்டு வந்து, கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.