லேசான ரிவால்வர், நழுவுற குண்டு

வெடிக்கிற துப்பாக்கியைப் பத்திப் பேச என்கிட்ட யாரும் வர்றதில்லை. வெடிக்காததைத்தான் தூக்கிட்டு வருவாங்க, அதுவும் ஏதோ நான்தான் அதைப் பெத்துப் போட்ட மாதிரி முறைச்சுக்கிட்டு.

சிட்னி மேற்குப் பக்கத்துல, பேங்குக்கும் கடைகளுக்கும் வேன்ல பணம் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரு கம்பெனியில நான் துப்பாக்கி மெக்கானிக். கோயம்புத்தூர்ல லேத் ஓட்டினவன் இங்க வந்து ரிவால்வர் கழட்டி மாட்டுறேன்னு சொன்னா, ஸ்ட்ராத்ஃபீல்ட்ல இருக்கிற என் சொந்தக்காரங்க இன்னும் நம்புறதில்லை. உங்க ஆபீஸ்லயும் மலிவா வாங்கின நாற்காலி ஒரு பக்கமா சாயும், பிரிண்டர் பாதிப் பேப்பரை மென்னு துப்பும். அதோட மாரடிக்கிறவங்களுக்கு என் பாடு புரியும். என்ன, உங்க பிரிண்டர் நின்னா ஒரு உயிர் போகாது.

இடுப்பு வலி

எங்க காவலாளிங்க முன்னாடி எஃகுல செஞ்ச பழைய ரிவால்வர்தான் கட்டிக்கிட்டுப் போவாங்க. நாள் முழுக்க வேன்ல ஏறி இறங்குற வேலை. அந்தக் கனம் ஒரு பக்க இடுப்பையே இழுக்கும். ஆளாளுக்கு முதுகு வலி, டிஸ்க் விலகல், டாக்டர் சீட்டு. மேனேஜர் கிரெக் யோசிச்சார், யோசிச்சு அலுமினியக் கலவையில செஞ்ச லேசான ரிவால்வரா மொத்தமா வாங்கிப் போட்டார். சுத்துற உருளையில அஞ்சு தோட்டா போடலாம். கையில வச்சா பொம்மைத் துப்பாக்கி மாதிரி இருக்கும். தோட்டா மட்டும் ஏற்கெனவே வாங்கி வச்ச அதே மலிவு ரகம்.

அதுக்கு ரொம்ப சந்தோஷப்பட்டவர் நேசன் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது தாண்டினவர். படகுல வந்து, வருஷக்கணக்கா அலைஞ்சு, ஒருவழியா சிட்டிசன் ஆனவர். மனைவிக்குக் கிட்னி போயிருச்சு, வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். காலை ஷிஃப்ட்ல துப்பாக்கியோட போனாதான் சாயந்தரம் அவங்களை ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வர முடியும், சம்பளமும் கட்டுப்படியாகும். வேற எந்த வேலையிலயும் இந்த ரெண்டும் சேர்ந்து அவருக்கு அமையாது. புதுத் துப்பாக்கியைக் கட்டிக்கிட்டு ரெண்டு அடி நடந்து பார்த்துட்டுச் சொன்னார்: "தம்பி, இடுப்பில ஒண்டுமே இல்லாத மாதிரிக் கிடக்கு. மனிசி கேக்கப் போறா, வேலைக்குப் போனனீங்களோ, சும்மா உலாத்திப் போட்டு வந்தனீங்களோ எண்டு."

எண்ணெய்க் குளியல்

நேசன் அண்ணையோட வேன்ல ஜோடி டோனி. சமோவாக்காரன். கதவு நிறைய நிப்பான், சர்ச்ல பாடுவான், அண்ணை கொண்டு வர்ற புட்டையும் சம்பலையும் பாதி அவனே தின்னுடுவான். அண்ணையால முடியாத நாள்ல அவர் மனைவியை டயாலிசிஸ் முடிஞ்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதும் அவன்தான். அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, இவனுக்குத் தமிழ் வராது. வழி முழுக்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போவாங்களாம்.

ஒருநாள் பயிற்சிக் கூடத்துல டோனி சுட்டான். டிக். மறுபடியும் டிக். அஞ்சுல ரெண்டுதான் வெடிச்சுது. புது ஸ்பிரிங் பலமாத் தட்டலையோன்னு துப்பாக்கியைக் கழட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. அப்புறம் தோட்டாவைத் தொட்டா விரல் வழுக்குது. ஆள் தினமும் துப்பாக்கியைத் துடைக்கும்போது தோட்டாவையும் எடுத்து எண்ணெய் ஸ்பிரே அடிச்சு வச்சிருக்கான். எண்ணெய் உள்ள இறங்கினா தோட்டாவுக்கு அடியில இருக்கிற பற்றவைக்கிற மருந்து நமுத்துப் போயிரும். நான் கத்தின கத்துல கூடத்துல இருந்தவங்க எல்லாம் காதுல போட்ட மூடியைக் கழட்டிட்டுப் பார்த்தாங்க. டோனி நிதானமாச் சொன்னான்: "என் பைக் செயினுக்கும் இதைத்தான் அடிக்கிறேன், அது ஒரு நாளும் நின்னதில்லையே."

மெல்பர்ன் போன்

அந்தத் தொல்லை எண்ணெயோட போயிருச்சுன்னு நிம்மதியா இருந்தேன். மெல்பர்ன்ல இருந்து முரளி போன் பண்ணான். எங்க கம்பெனியோட அந்தக் கிளையில என் வேலையைப் பார்க்கிறவன், ரோவில்ங்கிற பக்கம் குடியிருக்கான். அங்கயும் இதே லேசான ரிவால்வர், இதே தோட்டா. "டேய், ரெண்டு ரவுண்டு சுட்டா மூணாவதுக்கு உருளை சுத்த மாட்டேங்குதுடா. கல்லு மாதிரி நிக்குது."

அவன் சொன்னதை நானும் இங்க சுட்டுப் பார்த்தேன். அப்படியேதான். விஷயம் இதுதான்: தோட்டான்னா ஒரு பித்தளைக் கூடு, அதோட வாயில ஒரு குண்டு. கூடு அந்தக் குண்டை இறுக்கிப் பிடிச்சிருக்கணும். கனமான துப்பாக்கி சுடும்போது மெதுவாப் பின்னாடி உதைக்கும். லேசான துப்பாக்கி வெடுக்குன்னு துள்ளும். துள்ளும்போது, இன்னும் சுடாம மிச்சம் இருக்கிற தோட்டாக்கள்ல கூடு பின்னாடி போகும், குண்டு நின்ன இடத்துலயே நிக்கும். கெட்டியான சாஸை பாட்டிலைத் தட்டித் தட்டி வாய்க்குக் கொண்டு வருவோமே, அதேதான். குண்டு கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நழுவி, உருளைக்கு வெளியில மூக்கை நீட்டும். மூக்கு துப்பாக்கிச் சட்டத்துல இடிச்சதும் உருளை நின்னுரும். அப்புறம் கையில இருக்கிறது வெறும் அலுமினியம்.

இறுக்கமாப் பிடிக்கிற நல்ல தோட்டா வாங்கணும்னு முரளி அவனோட மேனேஜர்கிட்டப் போய் நின்னிருக்கான். அந்த ஆள் கம்ப்யூட்டர்ல இருந்து கண்ணை எடுக்காமச் சொன்னானாம்: "மூணாவது தோட்டா தேவைப்படக் கூடாதுன்னா, முதல் ரெண்டுல குறி தப்பாமச் சுடச் சொல்லு."

மிச்ச டப்பா

எங்க டிப்போவுல இதைவிடக் கேவலமான ஒரு பழக்கம் இருந்துச்சு. மாசா மாசம் ஒவ்வொரு துப்பாக்கியையும் சுட்டுச் சோதிக்கணும். அஞ்சு தோட்டா போட்டு ரெண்டு சுடுவாங்க. சரியா வெடிச்சுதா, முடிஞ்சுது. மீதி மூணையும் எடுத்து ஒரு டப்பாவுல போடுவாங்க. மறுநாள் காலையில காவலாளிங்களுக்குத் தோட்டா கொடுக்கும்போது முதல்ல அந்த டப்பாவைத்தான் காலி பண்ணணும். எஃகுத் துப்பாக்கி காலத்துல இருந்து நடக்கிற வழக்கம், அப்போ அதனால ஒரு கெடுதலும் வந்ததில்லை. இப்போ அந்த மூணும் ரெண்டு துள்ளல் வாங்கின தோட்டா. பார்வைக்கு அளவு சரியா இருக்கும். ஆனா கூடு பிடியை விட்டிருக்கும். மூக்கு நீட்டினதை நான் பொறுக்கி எடுத்திரலாம். பிடி விட்டதை எந்தக் கண்ணு கண்டுபிடிக்கும்? அடுத்த துள்ளல்லதான் அது தன் புத்தியைக் காட்டும்.

கிரெக்கிட்ட நாலஞ்சு தடவை போனேன். டப்பாவைத் தூக்கிப் போடுங்க, நல்ல தோட்டா வாங்குங்க, இல்லைன்னா பழைய துப்பாக்கியையே கொடுங்க. கடைசித் தடவை அவர் மேசை மேலேயே ரெண்டு தோட்டாவை வச்சுக் காட்டினேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்தும் போச்சு. மனுஷன் ஒண்ணை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோயம்புத்தூர்க்காரனா இருந்தாலும் வெள்ளைக்காரனா இருந்தாலும் மேனேஜர்னா மேனேஜர்தான். சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "இதை இன்னும் ஒரு தடவைகூடச் சுடவே இல்லையே, இது எப்படிப் பழசாகும்?"

பின்வாசல்

பரமட்டா பக்கத்துல ஒரு ஷாப்பிங் சென்டர், பின்னாடி சரக்கு இறக்குற வாசல். பட்டப்பகல். டோனி பையைத் தூக்கிக்கிட்டு முன்னாடி நடந்தான், நேசன் அண்ணை பத்தடி பின்னாடி காவல். அதுதான் முறை. குப்பைத் தொட்டிக்குப் பின்னாடி இருந்து முகத்தை மூடின ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தன் கையில பெரிய சம்மட்டி. முதல் அடியிலயே டோனி சரிஞ்சான். பையை இன்னொருத்தன் பிடுங்கிட்டான். அதோட போயிருக்கலாம். சம்மட்டிக்காரன் போகலை, மறுபடியும் ஓங்கினான்.

அண்ணை சுட்டார். அது ஷட்டர்ல பட்டுச்சு. ரெண்டாவது விசையை இழுத்தார். உருளை பாதி சுத்தி நின்னுருச்சு. இழுத்தார், இழுத்தார், விரல் தோல் உரிஞ்சுதான் மிச்சம். அவர் இழுத்துக்கிட்டு இருக்கும்போதே சம்மட்டி இன்னும் ரெண்டு தடவை இறங்கிருச்சு. கடைசியில அந்தத் துப்பாக்கியாலேயே அவன் தலையில அடிக்க ஓடினார். அதுக்கு அப்புறம்தான் அவங்க ஓடினாங்க. டோனி ஆஸ்பத்திரியில கண்ணு முழிக்காமலே போய்ச் சேர்ந்தான்.

எனக்கு அன்னிக்கு வந்த ஆத்திரத்தை இப்பவும் எழுதத் தெரியலை. போலீஸ்ல துப்பாக்கி நிபுணரா இருந்த ஒரு அம்மா, அண்ணையோட துப்பாக்கியைத் திறக்கும்போது கம்பெனி சார்பா என்னைக் கூப்பிட்டு நிக்க வச்சாங்க. பக்கவாட்டுல விளக்கு அடிச்சுக் காட்டினாங்க. ரெண்டாவது குண்டோட மூக்கு, நகக்கண் அளவு, வெளியில. அந்தத் தோட்டா டப்பாவுல இருந்து போனதா, புதுசான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. மரச் சுத்தியால மெதுவாத் தட்டித் தட்டி உருளையைத் திறந்தாங்க. திறந்ததும் கையுறையைக் கழட்டிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாங்க: "இந்தத் துப்பாக்கியைப் பூட்டினது வேற எதுவும் இல்லை, அவர் சுட்ட அந்த ஒரு குண்டுதான்."

தேர்வு

உடனே நல்ல தோட்டா வந்துச்சு. அவ்வளவு வேகமா எங்க கம்பெனியில டீத்தூள்கூட வந்ததில்லை. மிச்ச டப்பா குப்பைக்குப் போச்சு. மெல்பர்ன்லயும் மாத்தினாங்க. கிரெக் அதே அறையில அதே நாற்காலியில உட்கார்ந்திருந்தார்.

நேசன் அண்ணை லீவு முடிஞ்சு வந்தார். இளைச்சுப் போயிருந்தார். வேலைக்குத் திரும்பணும்னா சுடுற தேர்வு ஒண்ணு இருக்கு, அதுல தேறினாதான் ஆயுத லைசென்ஸ் நிக்கும். லைசென்ஸ் போனா காலை ஷிஃப்ட் போச்சு, டயாலிசிஸ்ல இருந்து கூட்டிட்டு வர்ற நேரம் போச்சு, எல்லாம் போச்சு. தேர்வு ஒண்ணும் பெரிய விஷயம் இல்லை. ஒரு அட்டையைப் பார்த்து அஞ்சு தோட்டாவையும் வரிசையா, சொன்ன நேரத்துக்குள்ள சுடணும். வருஷா வருஷம் அதைக் கொட்டாவி விட்டுக்கிட்டே சுட்டவர் அவர். புதுத் தோட்டாவை ஒவ்வொண்ணா நானே அளந்து எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணை ஒண்ணு சுட்டார். அட்டையில நடுவுல விழுந்துச்சு. அடுத்ததைச் சுடலை. உருளையைத் திறந்தார், கட்டைவிரலால மிச்ச நாலோட மூக்கையும் தடவிப் பார்த்தார், மூடினார். இன்னொண்ணு சுட்டார். மறுபடி திறந்தார், தடவினார், மூடினார். மூணாவது சுட்டு, திறந்து தடவிக்கிட்டு இருக்கும்போதே விசில் அடிச்சுட்டாங்க. இன்னொரு வாய்ப்பு கொடுத்தாங்க. நான் பக்கத்துல போய் நின்னேன். "அண்ணே, உங்க மனைவியை நினைச்சுப் பாருங்க. நடுவுல திறக்காதீங்க, அஞ்சையும் கடகடன்னு சுட்டுருங்க"ன்னு கெஞ்சினேன். தலையாட்டினார். ஒண்ணு சுட்டார். கை தானாவே உருளையைத் திறந்துருச்சு. அவருக்கே அது தெரியலைன்னு நினைக்கிறேன். விசில் அடிக்கிற வரைக்கும் தடவிக்கிட்டுத்தான் இருந்தார்.

வெளியில வந்து கார் நிக்கிற இடத்துல நின்னோம். எனக்கு அழுகையும் கோபமும் ஒண்ணா வந்துச்சு. ஒவ்வொரு தோட்டாவையும் என் கையால பார்த்தேன் அண்ணே, என் மேல கூடவா நம்பிக்கை இல்லைன்னு கேட்டுட்டேன். அவர் கோபப்படலை. கார்க் கதவைத் திறந்து வச்சுக்கிட்டுச் சொன்னார்: "உம்மை நான் நம்புறன் தம்பி. டோனியும் என்னை நம்பித்தானே முன்னுக்கு நடந்து போனவன்."

அன்னிக்கு நேசன் அண்ணை சுட்ட தோட்டா அத்தனையும் ஒண்ணுகூடப் பிசகாம வெடிச்சுது, தேறலைன்னு எழுதினது மட்டும் அவர் பேருக்கு நேரா.