வெள்ளைக் கரடி பனியன்

வீரபாண்டி பனியன் கம்பெனியைப் பற்றிப் பேச்செடுத்தால் மூக்கம்மாளுக்கு முகமே மலர்ந்துவிடும். தூத்துக்குடி உப்பளத்தை விட்டு, கணவன் குருசாமியோடு திருப்பூருக்கு வந்து சேர்ந்த முதல் இடம் அது. செக்கிங் மேசையைச் சுற்றி அத்தனை பெண்கள். கை துணியைப் புரட்டும், வாய் ஊர்க்கதையைப் புரட்டும். மத்தியானம் யார் குழம்பு யார் தட்டில் என்று கணக்கே கிடையாது.

இரண்டாயிரத்து ஏழில் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. நெஞ்சில் வெள்ளைக் கரடி அச்சடித்த நீல பனியன். சுற்றிலும் தண்ணீர், முறம் அளவு பனிக்கட்டிமேல் நான்கு காலையும் நெருக்கி வைத்துக்கொண்டு கரடி நின்றது. மூக்கம்மாள் ஒன்றைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள், எல்லாவற்றையும் மிஸ்டேக் என்று ஒதுக்கிப் போட்டாள். சூப்பர்வைசர் அங்கமுத்து பதறி ஓடி வந்தார்.

"ஏனுங்க்கா, நல்ல பீஸையெல்லாம் எதுக்குங்க ஒதுக்கிப் போட்டீங்க?"

"பாதி பிரிண்ட் விழல அண்ணாச்சி. அவ்வளவு பெரிய கரடி இம்புட்டு இடத்துல எப்படி நிக்கும்?"

மேசையே சிரித்தது. அங்கமுத்துவும் சிரித்துவிட்டார்.

"டிசைனே அதுதானுங்க. வடக்குக் கோடியில கடலே பனியா ஒறஞ்சு கெடக்குமாமா. பூமி சூடேறி அது உருகுதாமா. பாவம், நிக்க எடமில்லீங்க. சனங்களுக்கு அதைச் சொல்றதுக்குத்தான் இந்த பனியனே."

"சூடு ஏன் ஏறுது?"

"வண்டிப் பொகை, நம்ம பாய்லர் பொகை, எல்லாந்தானுங்க."

மூக்கம்மாளும் சிரித்துக்கொண்டே குவியலைப் பிரித்தாள். ஆனால் அதன்பிறகு கரடியின் முகத்தைப் பார்க்காமல் அவளால் ஒரு பனியனையும் மடிக்க முடியவில்லை.

கறை பட்டவற்றைத் தொழிலாளர்களுக்கே கொடுத்தார்கள். தன் பங்கை அவள், ஊரில் இன்னும் உப்பு வாரிக்கொண்டிருந்த அக்கா முத்துப்பேச்சிக்கு அனுப்பினாள். உப்பளத்து வெயிலுக்குச் சேலைமேல் போட்டுக்கொள்ள அக்காவுக்கு ஒன்று வேண்டும்.

அடுத்த பங்குனியில், உப்பு வாருகிற நேரம் பார்த்து, மழை கொட்டித் தீர்த்தது. அக்கா குருசாமியின் செல்லுக்குக் கூப்பிட்டாள்.

"வெளைஞ்ச உப்பு அம்புட்டும் கரைஞ்சு போச்சுட்டி. வரப்புல ஏறி நிக்கோம். ஆமா, இந்தக் கரடி எதுக்குட்டி தண்ணிக்கு நடுவுல நிக்கு?"

மூக்கம்மாள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அக்கா விடவில்லை.

"அப்போ இந்த மழையும் அதாலதானா?"

மறுநாள் மூக்கம்மாள் அதை அங்கமுத்துவிடம் கேட்டாள். "அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. ஆனா பருவமெல்லாம் மாறிட்டு வருதுன்னு படிச்சவிய சொல்றாங்க" என்றார்.

உப்பளத்துப் பெண்கள் தங்களுக்கும் கரடி பனியன் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மேசைத் தோழிகள் தங்களுடையதைக் கொண்டுவந்து குவித்தார்கள். மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். சித்திரையில் அக்காவின் குரலில் பழைய தெம்பு வந்திருந்தது.

"வரிசையா கரடியா நிக்கோம்ட்டி! போறவாறவுக எல்லாம் என்னன்னு கேக்காவ. நாங்களும் சொல்லுதோம்."

அதைச் சொல்லிச் சொல்லி மேசையில் எத்தனை நாள் சிரித்திருப்பார்கள்!

மறுவருஷம் ஆர்டர் குறைந்தது. கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது மூக்கம்மாள் வேலைக்குப் போகிற இடத்தில் தலை நிமிர்ந்து பேச நேரமில்லை. ஒரு நாள் பஸ்ஸில் அங்கமுத்துவைப் பார்த்தாள். சேவூரில் தோட்டம் பார்ப்பதாகச் சொன்னார்.

"நம்ம மேசைக்காரிகளெல்லாம் சௌக்கியமுங்களா?"

யார் எங்கே இருக்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியவில்லை. "நல்லாருப்பாக அண்ணாச்சி" என்றாள்.