வலது கை மோதிரம்

எங்கள் தேவாலயப் பங்கில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், சாமியாரைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்துவிடுவார்கள். ஞானஸ்நானச் சான்றிதழ் எங்கே வாங்குவது, கல்யாண அறிவிப்பு ஓலையைப் பூசையில் எத்தனை ஞாயிறு வாசிப்பார்கள், பத்திரிகையில் தாய்மாமன் பெயர் எந்த வரியில் வரவேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பணிக்காலம் முழுக்க அரசாங்கக் கோப்புகளைப் புரட்டியவனுக்கு வேறு என்ன தெரியும்?

அப்படித்தான் என் வீட்டு மாடியில் குடியிருந்தவனும் பத்திரிகை மாதிரியோடு இறங்கி வந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. பெண் ஆவடி சேக்காடு. பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் பெயருக்குக் கீழே இரண்டு பட்டங்கள் இருந்தன. அவன் பெயருக்குக் கீழே ஒன்றுமில்லை.

“கம்பெனி பேரு போடலியா?”

“வேணாம் சார், உடுங்க.”

காரணம் எனக்குத் தெரியும். அந்தக் கம்பெனியின் பிரஸ் மெஷின் அவனுடைய வலது மோதிர விரலில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. விசாரணை நடந்தது, படிவங்கள் நிரப்பப்பட்டன. விரலைத் தவிர எல்லாம் ஒழுங்காகக் கோப்பில் சேர்ந்தது.

“சார், மோதிரம் மாத்தறப்போ லெஃப்ட் கைல போட்டா கல்யாணம் செல்லுமா?”

எங்கள் பங்கில் வலது கைதான் வழக்கம். ஆனாலும் சொன்னேன்: “தாராளமா செல்லும். ரிஜிஸ்டர்ல வெரலுக்குன்னு தனியா கட்டம் கெடையாது.”

அவன் முகம் தெளிந்தது. பெரிய உதவி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கோட்டுக்கு அளவு கொடுக்கவும் என்னைத்தான் அழைத்துப் போனான். கை நீளம் இரண்டு அங்குலம் கூடுதலாக வேண்டும் என்றான். டெய்லர் என்னைப் பார்த்தார். “துணி சுருங்கும்ல?” என்றேன். அந்தத் துணி சுருங்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போட்டுப் பார்க்கும் நாளில் பெண்ணும் வந்துவிட்டாள். கோட்டுக்குள்ளிருந்து அவனுடைய விரல் நுனிகள் மட்டும் எட்டிப் பார்த்தன.

“இன்னா அங்கிள் இது? கோட்டு தெச்சாங்களா, தலகாணி உறை தெச்சாங்களா?”

நான் துணி சுருங்கும் கதையை ஆரம்பித்தேன். அவள் காதில் வாங்கவில்லை. அவனிடம் கேட்டாள்: “மறைக்கத்தான் இப்படி தெக்கச் சொன்னியா?”

“உனக்குத் தெரியும். உங்க ஊட்ல யாருக்கும் தெரியாதே. மோதிரம் போடறப்போ கேமராகாரன் கையத்தான் கிட்டத்துல புடிப்பான். ஸ்கிரீன் வேற வெக்கிறாங்க. கோயிலே பாக்கும்.”

“பொண்ணு பாக்க வந்தப்போ காபிய லெஃப்ட் கைல வாங்குன. ரைட் கை பாக்கெட்ல. மரியாதை தெரியாதவன்னு எங்கம்மா அன்னிக்கே கத்துனாங்க. நான்தான் வெரலப் பத்தி சொன்னேன். அப்பறம் அழுதாங்க. எங்க ஊட்ல எல்லாருக்கும் தெரியும் சாமி. உனக்கு மட்டுந்தான் அது ரகசியம்.”

டெய்லரிடம் ஒரு நூல் கேட்டு வாங்கினாள். அவன் விரலில் மிச்சமிருந்த அடிக்கணுவைச் சுற்றி அளந்து, பல்லால் கடித்து அறுத்தாள். “மோதிரம் உக்கார இவ்ளோ போதும்.” கோட்டின் கையைக் குறைக்கச் சொல்லிவிட்டு, நூலைப் பர்ஸில் வைத்துக்கொண்டு நகைக்கடைக்குக் கிளம்பினாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு உறுத்தியது. ஒளிந்துகொள்ள விதியில் இடம் இருக்கிறதா என்று அவன் கேட்டான். நான் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

கல்யாணத்தன்று பீடத்தின் முன் அவன் பழக்கதோஷத்தில் இடது கையை நீட்டினான். அவள் மோதிரத்தைப் பிடித்தபடி நின்றாள். என்ன செய்வது என்பதுபோல ஃபாதர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

சற்று நேரம் கழித்து வலது கை வந்தது. மோதிரம் ஏறி உட்கார்ந்தது.

“மாப்ள சார், கைய கொஞ்சம் தூக்குங்க,” என்றார் கேமராக்காரர்.

தூக்கினான். திரையில் அந்த அரை விரல் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. போதும் என்று அவரே சொல்லும்வரை அவன் கையை இறக்கவில்லை.