காட் ஏறக்கூடாத நாட்கள்

புனேவில் கடல் இல்லை. என் கணவருக்கோ கடலுக்கடியில் வேலை. வாகட் பகுதியில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள், நேவியா என்று. நேவி இல்லை. மும்பைக்கு மேற்கே நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகள் நிற்கின்றன. அவற்றின் கால்களும் குழாய்களும் தண்ணீருக்குள் இருக்கின்றன. யாராவது இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும், போல்ட் முடுக்க வேண்டும், ஒட்டிக் கிடக்கும் சிப்பியைச் சுரண்ட வேண்டும். அந்த யாராவதுதான் இவர். நான் இதை விளக்கி முடிப்பதற்குள் லிப்ட் வந்துவிடும்.

இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் இதே புனேயின் கட்கியில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராணுவத் தளவாட ஆலை வேலைக்கு வந்த குடும்பம். ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. இப்படிப்பட்ட வீட்டில் ஒருவன் டைவர் ஆனதற்கு மாமியார் ஒரே ஒரு காரணம்தான் வைத்திருந்தார். "எவளோ செய்வினை வச்சிட்டா" என்பார். சந்தேகப்பட்டியலில் நானும் இருந்தேன் என்று நினைக்கிறேன், கல்யாணத்துக்கு முன்பே இவர் தண்ணீரில் இறங்கிவிட்டார் என்றாலும்.

எனக்கு இந்த வேலை புரிந்த அளவுக்கு அந்த வீட்டில் வேறு யாருக்கும் புரியவில்லை. போசரியில் வால்வு செய்யும் கம்பெனியில் தரப்பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க அழுத்தம்தான் எனக்குப் பிழைப்பு. ஆழத்தில் வேலை செய்கிறவர்கள் தினமும் மேலே வந்து போக முடியாது. கப்பலில் ஒரு இரும்பு அறையை அந்த ஆழத்தின் அழுத்தத்துக்கே ஏற்றி, அதற்குள் வாரக்கணக்கில் குடிவைத்துவிடுவார்கள். சாப்பாடும் தூக்கமும் சீட்டாட்டமும் அதற்குள்தான். கோயில் மணி மாதிரி ஒரு பெட்டியில் கடலடிக்கு இறக்குவார்கள், வேலை முடிந்ததும் அதே பெட்டியில் ஏற்றி அறைக்குள் விடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் கணக்கில் குறைப்பார்கள். அவசரப்பட்டால் ரத்தத்தில் கரைந்திருக்கும் வாயு, திறந்த சோடா பாட்டில் போலக் குமிழி விடும். மூட்டில் விட்டால் வலி. முதுகுத்தண்டில் விட்டால் நடை போய்விடும்.

கரைக்கு வந்துவிட்டால் முடிந்ததா என்றால், புனேக்காரர்களுக்கு இல்லை. மும்பை கடல்மட்டத்தில் இருக்கிறது, புனே மலை மேல். நடுவில் கண்டாலா மலைப்பாதை. இங்கே எல்லோரும் அதைக் காட் என்றுதான் சொல்வோம். மேலே காற்றின் அழுத்தம் குறைவு. டைவ் முடித்த உடம்போடு காட் ஏறுவது, குறைத்து முடிக்காத அழுத்தத்தை நாமே வலியப்போய் இன்னும் குறைத்துக்கொள்வது மாதிரி. அதனால் இவர் ஒவ்வொரு முறையும் மலையடிவாரத்தில், பன்வெலில் ஒரு லாட்ஜில் ஒரு நாள் தங்கிவிட்டுத்தான் வீடு வருவார். கூட வேலை செய்யும் கேரளத்துக்காரர்கள் கடலோரமாகவே ரயிலேறிப் போய்விடுவார்கள். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்கு வராமல் இருக்கிற ஒரே ஆள் இவர்.

ஒரு தடவை மீறினார். மகளுக்குக் காதுகுத்து. நான்தான் காரோடு போயிருந்தேன். "சின்ன டைவ்தான், ஒண்ணும் ஆகாது" என்று ஏறி உட்கார்ந்தார். காட் உச்சியில் லோனாவாலா வருவதற்குள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தோள். பிரசவ வார்டுக்கு வெளியே கூட அழாத மனிதர், கார் கண்ணாடியில் நெற்றியை முட்டி அழுதார். திருப்பிக்கொண்டு மும்பைக்கு ஓட்டினேன், மறுபடி அறைக்குள் போட்டு அழுத்தத்தை ஏற்றிச் சரிசெய்தார்கள். காதுகுத்துக்கு வராததற்கு வீட்டில் லீவு கிடைக்கவில்லை என்று சொன்னோம். உண்மையைச் சொன்னால் மாமியார் வேலையை விடச் சொல்லிப் பட்டினி கிடப்பார். எனவே குடும்பத்தில் இவர் பெயர், விசேஷத்துக்கு வராதவன்.

மாமியார் நெஞ்சுச்சளியோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது இவர் அந்த இரும்பு அறைக்குள் இருந்தார். உள்ளே ஹீலியம் கலந்த காற்று. அதைச் சுவாசிக்கிறவர் குரல் வாத்து கத்துவது போல இருக்கும். எனக்குப் பழகிவிட்டது, என்ன சொல்கிறார் என்று முக்கால்வாசி புரியும். மாமியாருக்குப் பழகவில்லை. போனை அவர் காதில் வைத்தேன். இவர் ஏதோ சொன்னார். மாமியார் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னிடம் திருப்பித் தந்தார்.

"இது என் பிள்ள இல்ல. எவனோ கார்ட்டூன்காரன் பேசுதான். அவன் வந்ததும் பேசிக்கிடுதேன்."

வார்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போனில் அந்தப் பக்கமும் வாத்துச் சிரிப்பு கேட்டது.

அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு வரும்போது, கடைசிக் கட்டத்தில் இவருக்கு வலது முழங்காலில் வலி. மறுபடி ஏற்றி, மெதுவாக இறக்கி, வெளியே விட்டார்கள். கம்பெனி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இந்தத் தடவை ஒரு நாள் போதாது, ஒரு வாரம் காட் ஏறவே கூடாது, இன்னொரு தடவை குமிழி விட்டால் அது முழங்காலோடு நிற்காது என்று. இவர் பன்வெல் லாட்ஜில் கால் நீட்டி உட்கார்ந்தார். மாமியாருக்குக் காய்ச்சல் இறங்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நினைத்த அந்த வாரத்தின் நடுவில், ஒரு காலையில் காபியோடு போய் மாமியாரை எழுப்பினேன், அவர் எழுந்திருக்கவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கப்படி அப்பாவுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும், அம்மாவுக்கு இளையவன். இவர்தான் இளையவர். மூத்தவர், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், வங்கியில் மேலாளர். ஏரவாடாவிலிருந்து அரை மணியில் வந்துவிட்டார். வந்ததும் ஐஸ் பெட்டி வந்தது, கட்கித் தமிழர்கள் வந்தார்கள், அவர் வீட்டுப் பக்கத்து மயானத்தில் மாலைக்கு நேரமும் வாங்கியாயிற்று. காரியக்காரர். இப்படிப்பட்ட நேரத்தில் அவரைப் போல ஒருவர் வீட்டில் வேண்டும்தான். ஆனால் தம்பி வர முடியாது என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"கால் வலின்னா அம்மா சாவுக்கு வர மாட்டானா?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சோடா பாட்டிலையும் சொன்னேன். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்லும்போது எல்லாமே சாக்கு மாதிரித்தான் இருந்தது.

"பம்பாய்க்கும் புனேக்கும் தெனம் லட்சம் பேரு போய்ட்டு வாரான். மலை ஏறுனா செத்தா போறான்? சரி, விடு. நானே வைக்கேன். எத்தன விசேசத்துக்கு அவன் வந்திருக்கான், இதுக்கு வர."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய் இவரைப் போனில் கூப்பிட்டேன். விடிந்ததுமே விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அப்போது அழுதவர் இப்போது அமைதியாக இருந்தார். எனக்கு அதுதான் பயம்.

"டாக்ஸி சொல்லிட்டேன். மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்."

"டாக்டர்ட்ட கேட்டீங்களா?"

"அவரு அம்மாவா செத்துப்போனா?"

சொன்னால் கேட்கிற ஆள் இல்லை, லோனாவாலாவில் பார்த்தவள் நான். அவர் ஏறி வருவார், கொள்ளி வைப்பார், பிறகு நான் ஆயுசுக்கும் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவேன். எனக்கு அது அப்படியே கண்ணில் தெரிந்தது.

"டாக்ஸிய அனுப்பிருங்க. நாங்க எறங்கி வாரோம்."

"யாரு நாங்க?"

"அத்தையும் நானும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

கூடத்துக்கு வந்து சொன்னேன். பிணத்தை மலையிறக்கி அசலூரில் எரிப்பதா என்று ஒருவர் கேட்டார். நாம் எல்லோருமே அசலூரில்தான் இருக்கிறோம் என்றேன். சுடுகாட்டுக்குப் பெண்கள் வருவதில்லை என்று இன்னொருவர் ஆரம்பித்தார். பன்வெலில் வழியும் ஆளும் எனக்குத்தான் தெரியும் என்றேன். அத்தான் அம்மா முகத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, வாங்கிய நேரத்தை ரத்து செய்தார்.

நீர்மாலைக்கு, அதாவது அம்மாவைக் குளிப்பாட்ட மகன்கள் தண்ணீர் எடுத்து வரும் சடங்குக்கு, ஆறு குளம் எதுவும் இல்லை. அடுக்ககத்துப் போர்வெல் குழாயில் அத்தான் எடுத்துவந்தார். காவலாளி வாசல் தடுப்பைத் தூக்கிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். வாகட்டிலிருந்து விரைவுச்சாலை பக்கம்தான். ஆம்புலன்ஸில் பெட்டிக்கு ஒரு புறம் நான், எதிரில் அத்தான். மற்றவர்கள் பின்னால் கார்களில்.

காட் இறங்கத் தொடங்கியதும் காது அடைத்தது. அத்தான் எச்சில் விழுங்கிக்கொண்டார். சுரங்கப்பாதைக்குள் போகும்போது கேட்டார்.

"நெசமாவே அவனுக்கு ஏதும் ஆயிருக்குமா?"

காதுகுத்து அன்று நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியில் நெற்றியை முட்டி அழுததையும் சொன்னேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அத்தை காதுக்குப் போயிருக்கும்."

"போயிருக்கும்" என்றார்.

லாட்ஜ் முதலாளி மயானத்தில் விறகுக்கும் ஆளுக்கும் ஏற்பாடு செய்திருந்தார். இவர் மொட்டையடித்து, ஈர வேட்டியோடு வாசலில் நின்றிருந்தார். அம்மா முகத்தைப் பார்த்ததும், "வந்துட்டேம்மா, இப்ப பேசு" என்றார். நல்ல குரலில், சொந்தக் குரலில் சொன்னார்.

தோளில் நீர்க்குடத்தோடு சிதையை மூன்று முறை சுற்ற வேண்டும். முதல் சுற்றிலேயே முழங்கால் மடங்கியது. அத்தான் பின்னாலேயே நடந்து குடத்தின் அடியில் கை கொடுத்தார். குடத்தின் பாரம் முழுக்க அவர் கையில்தான் இருந்தது, தோள் மட்டும் இவருடையது. குடம் உடைந்தது, இவரே கொள்ளி வைத்தார். தம்பியின் பங்கை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. சிதைக்கு முன்னால் நின்று நிம்மதிப்படுவது தப்பு என்றால், தப்புதான்.

குளித்து முடித்து, வந்தவர்கள் கார்களில் கிளம்பினார்கள். ஆம்புலன்ஸ் எங்களுக்காக நின்றது. கதவைத் திறந்தால், இவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். பெட்டி இருந்த இடத்தில், ஈர வேட்டியோடு, கால் நீட்டி.

"எறங்குங்க" என்றேன்.

"வீட்டுக்குப் போவோம்."

"இன்னும் மூணு நாள் இருக்கு."

"அம்மா கட்டிலப் பாக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம். பாத்துட்டு உடனே எறங்கிருதேன்."

மேலே போய்விட்டு உடனே இறங்கினால் ஒன்றும் ஆகாது என்று அவர் என்னிடம், அழுத்தத்தில் பிழைப்பு நடத்துகிற என்னிடம் சொன்னார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். இரும்புக் குழாய் முடுக்குகிற கை, அசையவில்லை. அத்தான் வந்து பக்கத்தில் நின்றார்.

"எறங்குல. நான் ஒங்கூட இருக்கேன். நாளைக்கு எலும்பு எடுக்கணும்லா, ரெண்டு பேருமாப் போவோம்."

அண்ணன் கையைப் பிடித்து இறங்கினார். இருவரும் லாட்ஜ் பக்கமாக நடந்தார்கள், ஒருவர் நொண்டிக்கொண்டும், இன்னொருவர் அதற்குத் தக்கபடி மெதுவாகவும்.

நான் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறினேன். கோபோலி தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அழ ஆரம்பித்தேன், கண்டாலா வரை நிறுத்த முடியவில்லை. டிரைவர் மராட்டிக்காரர், அண்ணியை வஹினி என்கிறவர். "வஹினி, அழாதீங்க, மாமியாருக்கு நல்ல சாவு" என்று அவர் மொழியில் ஆறுதல் சொன்னார். நான் அவரைத் திருத்தவில்லை. வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்ட மனிதரை இறங்கு என்று சொல்லிவிட்டு வந்ததற்காகத்தான் அழுதேன்.